வாதாம் மரமும் முப்பது வருடப் பெருக்கலும்

எங்கள் வீட்டு வாதாம் மரத்திலிருந்து ஓர் இலை விழுந்தால் உள்ளே படுத்திருக்கும் எனக்குக் கேட்கும். வேப்பிலையும் புளிய இலையும் உதிர்வது யார் காதுக்கும் எட்டாது. வாதாம் இலை அப்படியில்லை. ஒரு சாண் நீளம், உள்ளங்கையை விட அகலம், தோல் மாதிரித் தடிமன். ஸ்கூட்டர் நிறுத்தும் தகரக் கொட்டகை மேல் 'தொப்' என்று விழும். மாசி மாத ராத்திரிகளில் எண்ணிக்கொண்டே படுத்திருக்கிறேன். இருபதைத் தாண்டுவதற்குள் தூக்கம் வந்துவிட்டால் சரி. வராவிட்டால் காலையில் எத்தனை பாண்டு வார வேண்டும் என்ற கணக்கு மனசில் ஓட ஆரம்பித்துவிடும்.

1988-இல் சென்னைக்கு வெளியே இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்தபோது என் மாமனார் வைத்த கன்று இது. 1991-இல் நான் மருமகளாக வந்தபோது ஜன்னல் மேல்கட்டை உயரம்தான் இருந்தது. இப்போது மொட்டை மாடியைத் தாண்டி இன்னொரு மாடி உயரம் போய்விட்டது. மாமியார் இருந்தவரை அவர் பெருக்கினார். அப்புறம் துடைப்பம் என் கைக்கு வந்தது. இந்த முப்பது வருடத்தில் தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இருப்பது மா, புங்கை, வேம்பு என்று எதுவானாலும் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கடையில் வாங்கித் தின்கிற பாதாம் இல்லை, நாட்டு வாதாம். அடுக்கடுக்காகக் குடை விரித்த மாதிரிக் கிளை விடும். அதன் நிழலுக்காகத்தான் மாமனார் வைத்தார். அந்த நிழலுக்கு நாம் கொடுக்கிற வாடகைதான் இந்த இலை. வாடகையை நிறுத்த முடியாது, எந்த இடத்தில் வாங்கிக்கொள்வது என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம்.

எப்போது கொட்டும், ஏன் கொட்டும்

எங்கள் மரம் வருடத்துக்கு இரண்டு தடவை மொத்தமாக உடுப்பு மாற்றும். தை கடைசியில் ஆரம்பித்து மாசி முழுக்க ஒரு தடவை, ஆடி ஆவணியில் இன்னொரு தடவை. அதற்கு முன் இலையெல்லாம் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் குங்குமச் சிவப்பாகிவிடும். பார்க்க அழகுதான். பார்த்துக்கொண்டே இருக்கலாம், துடைப்பம் கையில் இல்லாவிட்டால். நடுவில் உள்ள மாதங்களிலும் சும்மா இருக்காது. தினம் பத்து, இருபது என்று போட்டுக்கொண்டேதான் இருக்கும். வேம்பு இந்த விஷயத்தில் நல்லது. மாசி பங்குனியில் மொத்தமாகக் கொட்டிவிட்டு மற்ற மாதங்களில் ஓரளவு அமைதியாக இருக்கும். மாமரம் வருடம் பூரா கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும்.

மரம் இலையைச் சும்மா தூக்கிப் போடுவதில்லை. விடுவதற்கு முன் அதிலிருக்கும் சத்தை, முக்கியமாகத் தழைச்சத்தை, கிளைக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகுதான் காம்பு கிளையோடு சேரும் இடத்தில் ஒரு தடுப்பு உண்டாகி இலை கழன்று விழும். நல்ல சாமானையெல்லாம் எடுத்துக்கொண்டு காலி டப்பாவைப் போடுகிற கதை. பிற்பாடு உரம் போடும்போது இது ஞாபகம் இருக்க வேண்டும். சருகை மட்டும் குவித்தால் ஏன் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது என்பதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

எல்லா இலையையும் பெருக்காதீர்கள்

முதல் பத்து வருடம் நான் செய்த பெரிய தப்பு, விழுந்த இலை அத்தனையையும் எதிரியாகப் பார்த்தது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, விருந்தாளி வந்தால் நடுவில் ஒரு தடவை. நாற்பது வயதிலேயே இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம்.

இப்போது எங்கள் மனையை மனசுக்குள் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். மொட்டை மாடி, மழைநீர்க் குழாய் வாய், சம்ப் மூடி, மாடிப்படி: இங்கே ஓர் இலைகூட இருக்கக் கூடாது. வாசலும் நடைபாதையும் தினம் ஒரு தடவை பெருக்க வேண்டிய இடம், இரண்டு தடவை வேண்டாம். மரத்தடி, வேலியோரம், வாழைக்குப் பக்கம் எல்லாம் இலையின் இடம். அங்கே துடைப்பத்தோடு போவதே இல்லை. இப்படிப் பிரித்ததும் வேலை பாதிக்கு மேல் குறைந்தது.

நம் ஊரில் சுத்தம் என்றால் மண் தெரிய வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. மரத்தடியில் இலை கிடந்தால் 'வீட்டுல பொம்பளை இல்லையா' என்று கேட்கிற உறவுக்காரர்கள் எனக்கும் உண்டு. கேட்டுவிட்டுப் போகட்டும். மரத்தடி மண்ணை வருடக்கணக்கில் சுரண்டிச் சுரண்டிப் பெருக்கினதில் எங்கள் மரத்துக்கு வேர் வெளியே தெரிந்து, மண் தார் ரோடு மாதிரி இறுகிக் கிடந்தது. இலையை விட்டுவைத்து மூன்று மழைக்காலம் போன பிறகு அதே இடத்தில் விரலை விட்டால் மண் இறங்குகிறது, மண்புழு இருக்கிறது.

வாசல் மட்டும் என்னால் விட முடியாத இடம். கோலம் இருக்கிறதே! மார்கழியில் அஞ்சரை மணிக்குப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, பதினைந்து புள்ளி வைத்துப் போட்டு நிமிர்ந்தால், ஏழு மணிக்கு நட்டநடுவில் ஒரு சிவப்பு இலை உட்கார்ந்திருக்கும். முன்பெல்லாம் ஓடிப்போய் எடுப்பேன். இப்போது பூசணிப்பூ வைத்த கணக்கில் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

மொட்டை மாடிதான் முதல் வேலை

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி ஈரம் தெரிகிறது என்று என் வீட்டுக்காரர் எழுப்பினார். டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். கைப்பிடிச் சுவர் தொட்டி மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. குழாய் வாய் எங்கே என்று தெரியவில்லை. சுவரோரமாகக் குனிந்து கையால் துழாவிக்கொண்டே போனேன். கையில் தட்டுப்பட்டது மூன்றே மூன்று இலை. கல்யாணப் பந்தியில் தட்டு அடுக்கின மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக, குழாய் வாயில் இருந்த தட்டைச் சல்லடை மேல் ஒட்டிக்கொண்டிருந்தன. தண்ணீரின் கனம் வேறு மேலிருந்து அழுத்துகிறது. நகத்தை விட்டு நெம்பி முதல் இலையைப் பிய்த்ததும் 'க்ளக்' என்று ஒரு சத்தம். அதுவரை சும்மா நின்ற தண்ணீர் முழுக்க என் கையைச் சுற்றிச் சுழன்று இறங்க ஆரம்பித்தது.

மூன்று இலைக்கு இந்தப் பாடு. வேப்ப மரத்துக்காரர்களுக்கு இது வராது, சின்ன இலை சல்லடை வழியே பாதியாவது போய்விடும். பெரிய இலை மரம் வைத்திருப்பவர்கள் தட்டையான சல்லடையை நம்பவே கூடாது. அதன் மேல் வாதாம் இலை படுத்தால் அது மூடிதான்.

மேடாகக் கவிழ்த்த கூண்டு வேண்டும். ஹார்டுவேர் கடையில் அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி வாங்குங்கள். ஒரு சின்னக் குண்டானைக் கவிழ்த்து அதன் மேல் வலையை வைத்து அழுத்தினால் கிண்ண வடிவம் வந்துவிடும். ஓரத்தை வெளிப்பக்கம் மடக்கி, குழாய் வாய்க்கு மேல் கவிழ்த்து, நாலு பக்கமும் உடைந்த டைல்ஸோ செங்கல் துண்டோ வைத்துவிடுங்கள். குழாய் வாய் கைப்பிடிச் சுவரிலேயே பக்கவாட்டில் இருந்தால் அதே கூண்டைப் பாதியாக வெட்டிச் சுவரோடு சேர்த்து வையுங்கள். இலை கூண்டின் பக்கத்தில் ஒட்டினாலும் மேல்பக்கம் திறந்திருக்கும், தண்ணீர் போய்விடும். வலையைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். என் கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

கூண்டு வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இல்லை. அக்டோபர் தொடங்கும் முன் மாடியை ஒரு தடவை முழுசாகப் பெருக்கி, குழாயில் ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றிக் கீழே அதே வேகத்தில் வருகிறதா என்று பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் நடுவில் எங்கோ அடைப்பு. வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்ததும், வானிலை அறிக்கையில் கனமழை என்று சொன்ன நாளெல்லாம் சாயங்காலம் ஒரு நடை மாடிக்குப் போய்வருகிறேன். ஐந்து நிமிட வேலைதான்.

மழைநீர்த் தொட்டிக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 2003-லிருந்து வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நிறைய வீட்டில் அந்தக் குழியின் மூடியைக் கட்டின நாளோடு மறந்துவிட்டார்கள். சருகு உள்ளே போய் ஊறினால் கூழாங்கல்லுக்கும் மணலுக்கும் நடுவே சேறாகப் படிந்து தண்ணீர் இறங்காது. வருடத்துக்கு ஒரு தடவை, ஆவணி புரட்டாசி வாக்கில், மேல் கல்லை எடுத்துக் கழுவிப் போடுங்கள். முதல் மழைத் தண்ணீரைச் சம்புக்குள் விடவே விடாதீர்கள். வாதாம் இலையில் துவர்ப்பு அதிகம், ஊறின தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் வரும். நான் முதல் இரண்டு மழையைத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டு அப்புறம்தான் குழாயை மாற்றுவேன்.

பெருக்கும் விதம்

சில சின்னச் சின்ன விஷயங்கள். விடிகாலைப் பனியில் இலை தரையோடு ஒட்டிக்கொள்ளும், துடைப்பத்துக்கு வராது. மத்தியானம் பெருக்கினால் காற்று நம்மோடு விளையாடும். வாசலை விட்டு மற்ற இடத்தை நான் காலை ஒன்பது மணி வாக்கில் பெருக்குகிறேன். பனி காய்ந்திருக்கும், காற்று கிளம்பியிருக்காது.

பூந்துடைப்பம் இதற்கு ஆகாது. தென்னங்குச்சித் துடைப்பம், அதுவும் நுனி கொஞ்சம் தேய்ந்த பழைய துடைப்பம்தான் வாகு. குனிய முடியாதவர்கள் மூங்கில் கழியில் கட்டி நின்றபடியே பெருக்கலாம். மாசி மாதக் கொட்டலுக்குத் துடைப்பமே வேண்டாம், விரல் விரித்த மாதிரிப் பல் உள்ள வாரி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நீளக் கைப்பிடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

வாரினதைப் பாண்டில் அள்ளி அள்ளிக் கொட்டுவது முட்டாள்தனம் என்று எனக்குக் காட்டியவர் பக்கத்துத் தெருவில் கட்டட வேலைக்கு வந்த ஒரு பெரியம்மா. பழைய போர்வை ஒன்றை விரித்து, அதன் மேலேயே இலையைத் தள்ளச் சொன்னார். நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் ஆறு பாண்டு இலை ஒரே நடையில் போய்விடுகிறது. சருகுக்குக் கனம் இல்லை, அடைத்துக்கொள்கிற இடம்தான் பெரிசு.

சிமெண்ட் தரையில் ஈர இலை ஒரு ராத்திரி கிடந்தாலே பழுப்பில் அச்சு விழும். நரம்புகூடத் தெரியும், அவ்வளவு துல்லியம். அன்றைக்கே தேய்த்தால் சோப்புத் தண்ணீரில் போய்விடும். பழைய கறைக்குப் பிளீச்சிங் பவுடரைக் குழைத்துத் தடவி, அரை மணி நேரம் விட்டுக் கழுவினால் மங்கும். ஆசிட் ஊற்றாதீர்கள். கறையோடு சிமெண்டும் அரித்துக்கொண்டு போகும். அதைவிட முக்கியம், பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் வருகிற புகை மூச்சை அடைத்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது.

மழைக்காலத்தில் இன்னொன்று. காய்ந்த வாதாம் இலை தொன்னை மாதிரிச் சுருளும். மல்லாந்து கிடந்தால் தண்ணீர் தேங்கும். ஒரு வாரம் பத்து நாள் தேங்கினால் கொசுவுக்குப் போதும். மரத்தடி இலையைப் பெருக்க வேண்டாம் என்றுதானே சொன்னேன்? மழை மாதங்களில் வாரத்துக்கு ஒரு தடவை வாரியால் புரட்டி மட்டும் விடுங்கள்.

உரம்

2011-இல் முதன்முதலாக உரம் போடுகிறேன் பேர்வழி என்று ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் நிறைய ஈர இலையை அமுக்கி மூடி வைத்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் சாக்கடை தோற்றது. இலை ஒன்றும் மக்கவில்லை, நமுத்துப்போன அப்பளக்கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா, ஏதாச்சும் செத்துக் கிடக்குதா பாருங்க" என்றாள். காற்று இல்லாமல் அடைத்ததன் பலன்.

இப்போது செய்வது வேறு. நாலடி உயரக் கம்பி வலையில் பதினோரு அடி வாங்கி வட்டமாக வளைத்துக் கட்டினால் மூன்றரை அடி விட்டத்தில் ஒரு கூண்டு கிடைக்கும். அடியில்லை, மூடியில்லை. அதைவிடச் சின்னதாகச் செய்தால் உள்ளே சூடு நிற்காது, பெரிதாகச் செய்தால் புரட்ட முடியாது. வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடியாவது தள்ளி, மண் தரையில் வையுங்கள். சுவரை ஒட்டினால் கரையான் கதவுநிலைக்கு வழி கண்டுபிடித்துவிடும்.

இலையை நொறுக்காமல் போடாதீர்கள். நல்ல வெயிலில் மத்தியானம் ஒரு மணிக்கு வாதாம் சருகு பொரித்த அப்பளமாக இருக்கும். கோணிச் சாக்கில் முக்கால் பங்கு நிரப்பி, வாயைக் கட்டிக் கீழே போட்டு மிதித்தால் கால் சாக்காக இறங்கிவிடும். எங்கள் வீட்டில் இந்த வேலை பேரனுடையது. ஸ்கூல் லீவில் வந்தால் முதலில் 'பாட்டி, சாக்கு எங்கே' என்றுதான் கேட்பான். முழு இலையாகப் போட்டால் எட்டு மாதத்துக்கு மேல் ஆவது, நொறுக்கிப் போட்டால் நாலைந்து மாதத்தில் முடிந்துவிடுகிறது.

மரம் சத்தை உறிஞ்சிக்கொண்டு வெறும் டப்பாவைப் போடுகிறது என்றேனே, அந்தத் தழைச்சத்தை நாம் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். மூன்று பாண்டு சருகுக்கு ஒரு பாண்டு பச்சை: காய்கறித் தோல், வாடிய பூ, புல், முருங்கைக் கழிவு, எது கிடைத்தாலும் சரி. கூடவே ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கை சாணம் கரைத்துத் தெளிப்பேன். தெருமுனையில் மாடு வைத்திருப்பவரிடம் கேட்டால் கொடுப்பார். சாணம் கிடைக்காத ஊரில் புளித்த மோரும் பழைய உரம் ஒரு முறமும் கலந்துகொள்ளலாம். சமையலறைக் கழிவின் மேல் எப்போதும் ஒரு முழம் சருகு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எலி வரும். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும்.

ஈரம் எவ்வளவு என்பதுதான் எல்லாருக்கும் பிடிபடாத இடம். கூண்டுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் அதிகம், அப்போது காய்ந்த சருகு சேருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். மூன்றாம் நாள் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் குத்தி, பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. சூடே இல்லையென்றால் பச்சை போதவில்லை, அல்லது ஈரம் போதவில்லை. பெரும்பாலும் ஈரம்தான்.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கூண்டை மட்டும் மேலே உருவிப் பக்கத்தில் வைத்து, குவியலை முள்கரண்டியால் அள்ளி மறுபடி கூண்டுக்குள் போடுங்கள். வெளியே இருந்தது உள்ளே போகும், காற்றும் கிடைக்கும். அள்ளுவதற்கு முன் ஒரு கழியால் நாலு தட்டுத் தட்டிவிட்டு அரை நிமிடம் காத்திருங்கள். பூரான், தேள் எல்லாம் உண்டு. செருப்போடு போகாமல் ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.

குவியலில் கட்டைவிரல் பருமனில் வெள்ளையாக, பழுப்புத் தலையோடு வளைந்து கிடக்கும் புழு கண்ணில் படும். வீட்டில் தென்னை இருந்தால் இதை விட்டுவைக்காதீர்கள். தென்னங்குருத்தைக் குடைகிற காண்டாமிருக வண்டு முட்டையிடுவது இந்த மாதிரி மக்குகிற குப்பையில்தான். எடுத்துச் சுவர் மேல் வைத்தால் ஐந்து நிமிடத்தில் காக்காய் கணக்குத் தீர்த்துவிடும்.

மாசி மாதம் கூண்டு நிறைய ஏற்றினது ஆனியில் கால் கூண்டாக இறங்கியிருக்கும். மணல் சலிக்கிற சல்லடையில் சலித்தால் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு உரம் கிடைக்கும். சல்லடையில் நிற்கிற நரம்பும் காம்பும் அடுத்த கூண்டுக்கு.

இவ்வளவு பாடுபட முடியாது என்பவர்களுக்கு மூடாக்கு இருக்கிறது. வாழை, கறிவேப்பிலை, செம்பருத்தி எதற்கானாலும் அடியில் நாலு விரல் கனத்துக்கு நொறுக்கின சருகைப் பரப்பிவிடுங்கள். தண்டை ஒட்டி ஒரு சாண் விட்டுப் போடுங்கள், ஒட்டினால் தண்டு அழுகும். கோடையில் தண்ணீர் ஊற்றுவது பாதியாகக் குறைந்துவிடும்.

எரிப்பதும் வெட்டுவதும்

மாமியார் காலத்தில் சாயங்காலமானால் குவித்துக் கொளுத்திவிடுவார். கொசு போகும் என்று காரணம் வேறு. நானும் கொளுத்தியிருக்கிறேன். ஒரு தடவை காற்று திரும்பிக் கீழ்க்கிளை ஒரு பக்கமாகக் கருகிப்போனது. அந்தப் பக்கம் இன்றைக்கும் இலை குறைவுதான். எதிர்வீட்டுக் குழந்தைக்கு இழுப்பு என்று தெரிந்த பிறகு நிறுத்தினேன். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும் தோட்டக் கழிவைத் தெருவில் எரிக்கக் கூடாது, சாக்கடையில் தள்ளக் கூடாது, அவரவர் இடத்திலேயே தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்று சொல்லின.

எரிப்பதை விட்டால் அடுத்த யோசனை எல்லாரும் சொல்வது: "தலையை வெட்டி விடுங்க, அடங்கிடும்." அடங்காது. மேலே மொட்டையடித்தால் வெட்டின இடத்தைச் சுற்றிப் பத்துப் போத்து கிளம்பும். இலை குறைவதற்குப் பதிலாகக் கூடும். அந்தப் போத்துகளுக்குக் கிளையோடு பிடிப்பும் பலமாக இருக்காது, அடுத்த புயலில் முதலில் ஒடிவது அவைதான். 2016 டிசம்பர் 12-இல் வர்தா வந்தபோது எங்கள் தெருவில் மொட்டையடித்த மரங்கள் எல்லாம் பிய்ந்து கிடந்தன.

காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, அடுத்த வீட்டு மாடி மேல் நீட்டியிருக்கும் கிளை, இவை மட்டும் போதும். ஆவணியில், மழைக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். ஒரே தடவையில் கால் பங்குக்கு மேல் கை வைக்காதீர்கள். கனமான கிளையென்றால் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்துக்கொண்டு, அதற்கு நாலு விரல் வெளியே மேலிருந்து அறுக்கச் சொல்லுங்கள். அப்போது கிளை பட்டையை உரித்துக்கொண்டு விழாது. மிச்சக் கட்டையைக் கடைசியாக, அடியில் புடைத்திருக்கும் கழுத்தைத் தொடாமல் எடுக்க வேண்டும். மரம் ஏறுகிறவர்கள் அவசரப்படுவார்கள், பக்கத்தில் நின்று சொல்லுங்கள். மின்கம்பி பக்கம் போகிற கிளையைத் தொடும் முன் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தச் சொல்வது கட்டாயம்.

காலமில்லாத காலத்தில், சிவக்காமல் பச்சையாகவோ ஓரம் கருகியோ இலை கொட்டினால் அது பெருக்கல் பிரச்சினை இல்லை. 2009-இல் என் வீட்டுக்காரர் சேறு ஆகிறது என்று அடிமரத்தை ஒட்டிச் சுற்றிலும் சிமெண்ட் போட்டுவிட்டார். அடுத்த சித்திரையில் மரம் பச்சை இலையாகக் கொட்டியது. வேருக்குத் தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. மூன்றடி வட்டத்துக்குக் கடப்பாரையால் உடைத்து எடுத்து, வாரம் இரண்டு தடவை ஹோஸ் பைப்பை மெதுவாகத் திறந்து விட்டோம். ஆடிக்குள் சரியானது. உடைத்ததும் அவரேதான்.

அடுத்த வீட்டுக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மரத்து இலை அவர்கள் மாடியில் விழுவது உண்மை. மழைக்கு முன் அவர்கள் குழாய் வாய்க்கும் ஒரு கூண்டு செய்து கொடுத்துவிட்டேன். வருடத்துக்கு ஒரு சாக்கு உரமும் போகிறது. செத்தது எது என்று கேட்ட அதே பக்கத்து வீட்டுக்காரி இப்போது ஆனி பிறந்தால், "உரம் ஆச்சாக்கா?" என்கிறாள்.

சிவந்த இலைக்கு ஆசைப்பட்டு வருகிற இன்னொரு ஆளும் உண்டு. கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் வியாபாரம் செய்யும் ஒரு பையன். ஃபைட்டர் மீன் தொட்டியில் காய்ந்த வாதாம் இலை ஒன்று போடுவார்களாம், அந்தக் காப்பி நிறத் தண்ணீர் அதற்குப் பிடிக்குமாம். பூச்சிமருந்து படாத, தானாக உதிர்ந்த, ஓட்டையில்லாத இலையாகப் பார்த்து நூறு, இருநூறு பொறுக்கிக் கழுவி நிழலில் காயவைத்துக் கொண்டுபோவான். இணையத்தில் இதைப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள் என்று பேரன் காட்டினபோது நான் நம்பவில்லை. முப்பது வருடமாக நான் வாரிக் கொட்டியதைக் கணக்குப் போட்டால் இன்னொரு மனையே வாங்கியிருக்கலாம் போல.

இலைக்கு இப்படி ஒவ்வொன்றாக வழி கண்டுபிடித்தாயிற்று. பழத்துக்குத்தான் இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை. ராத்திரி வௌவால் சப்பிவிட்டுப் போடுகிற வாதாம் பழம், வாசல், படி, துணிக்கொடி என்று ஒரு இடம் பாக்கி இல்லாமல் விழுகிறது. ஸ்கூட்டர் சீட்டுக்கு மட்டும் உறை போட்டுவிடுங்கள், அந்தச் சாயம் போகாது.